மார்க்கண்டரின் கறுப்பு முந்திரிகை

இணுவில் மார்க்கண்டருக்குக் குடி என்றால் ஆகாது. தகப்பன் குடித்தே காணியில் பாதியை அழித்தவர். மதுவிலக்குச் சங்கத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஊர்க் கள்ளுத் தவறணையை மூடவைத்தவர் மார்க்கண்டர். மேடையில் ஏறினால் லேசில் இறங்கமாட்டார்.

புகையிலைத் தோட்டத்து ஓரத்தில் அவர் ஒரு முந்திரிகைக் கொடியும் வளர்த்தார். யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் சுவாமிமாருக்கு மரக்கறி வாங்க வரும் நீக்கிலாப்பிள்ளை, பிரான்சிலிருந்து வந்த கொடி என்று ஒரு தண்டு கொடுத்திருந்தார். செம்மண்ணில் ஆட்டெரு போட்டு, பனஞ்சலாகையில் பந்தல் கட்டி, மாரி முடியக் கிளை நறுக்கிவிட்டார் மார்க்கண்டர். உலக யுத்தம் தொடங்கிய பிறகுதான் கொடி நன்றாகக் காய்த்தது. ஆனால் பழம் சின்னது. கருநீலத் தோல் தடிப்பு. உள்ளே முழுக்கக் கொட்டை. சுன்னாகம் சந்தையில், "உதென்ன, நாவற்பழமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீணாக்க மனமில்லாமல் மனைவி பாலேஸ்வரி பழத்தைத் தோலோடு பிசைந்து சாடியில் போட்டுத் துணியால் கட்டினாள். பின்னேரங்களில் தோட்டத்திலிருந்து வரும் கணவனுக்கு ஒரு பேணி வடித்துக் கொடுத்தாள். முதலில் இனித்தது. போகப்போக இனிப்புக் குறைந்து, நிறம் கறுத்து, நாக்கு வறண்டு பிடித்தது.

"நல்ல சாமான், பாலேசு. நெஞ்சுக்கு இதமாக் கிடக்கு. நித்திரையும் வருகுது," என்றார் மார்க்கண்டர். அந்தக் கிழமை சங்கக் கூட்டத்தில் அவர் பேசியதுபோல் ஒருநாளும் பேசியதில்லை என்றார்கள்.

மரக்கறிக்கு வந்த நீக்கிலாப்பிள்ளைக்கும் பாலேஸ்வரி ஒரு பேணி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். கண் விரிந்தது. பேணியை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

"அண்ணை, உது ஆர் வடிச்சது?"

"ஏன், என்ரை மனிசிதான். முந்திரிகைச் சாறு."

"சாறில்லை அண்ணை. வைன். பூசைக்குச் சுவாமி எடுக்கிற இரசம். தோலோடை கிடந்தபடியால்தான் உந்த நிறம், உந்தத் துவர்ப்பு. யுத்தத்தாலை கப்பலிலை வராமல் சுவாமி தவிச்சுக்கொண்டு நிக்கிறார்!"

மார்க்கண்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்துபோய்ச் சாடியின் துணியை அவிழ்த்தார். தோல்கள் மேலே மிதந்து, குமிழி விட்டுக்கொண்டிருந்தன. மூக்கில் ஏறிய மணம் அவர் பிள்ளைக்காலம் முழுக்க அறிந்த மணம். தகப்பனின் வாயிலிருந்து வந்தது.

"என்னடி போட்டனி இதுக்குள்ளை?"

"சத்தியமா ஒண்டும் போடேல்லை. அது தன்ரை பாட்டுக்குப் பொங்கினது. புளிக்குதெண்டுதான் நினைச்சனான். நீங்கள்தானே நல்லாக் கிடக்கெண்டு கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சனீங்கள்!"

மார்க்கண்டர் கத்தியோடு கொடியடிக்குப் போனார். நீக்கிலாப்பிள்ளை பின்னால் ஓடினார்.

"வெட்டாதையுங்கோ அண்ணை! பழத்தைத் தாருங்கோ. பிழியிறதை நாங்கள் அங்கை பாக்கிறம்."

"கொண்டு போ. சாடியையும் கொண்டு போ," என்றார் மார்க்கண்டர். வெட்டவில்லை. கத்தியைக் கீழே போட்டார்.

யுத்தம் முடியும்வரை ஒவ்வொரு காய்ப்பும் வண்டியில் குருநகருக்குப் போனது. மார்க்கண்டர் கொத்துக்களைத் தானே அறுத்துக் கொடுப்பார்; ஒரு பழம் வாயில் வைக்கமாட்டார். சங்கத்துக்குத் தவறாமல் போனார், பின்வரிசையில் இருந்தார். பேசக் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஏனென்று பாலேஸ்வரியைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது.