டேர்போ பூட்டிய மொரிஸ் மைனர்

எங்கள் காரை மாமா கொலை செய்தபோது நானும் அதற்குள்தான் இருந்தேன். கொலை என்பது அம்மாவின் சொல். மாமாவைக் கேட்டால் பரிசோதனை என்பார்.

கார், அம்மப்பா விட்டுப்போன சாம்பல் நிற மொரிஸ் மைனர். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில், தகரக் கொட்டிலுக்குள் நின்றது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. வயது இருபத்துநான்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வேலை. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த வயதில் தமிழ் ஆணாக இருப்பதே கொழும்பில் போதுமான குற்றம். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் மாமாவை இரண்டு முறை பொலிஸுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு முறையும் அம்மாதான் அலைந்து திரிந்து மீட்டு வந்தார். மூன்றாவது முறைக்கு இடம் வைக்கக் கூடாது, காரை விற்று மாமாவை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று அம்மா முடிவெடுத்தார். பாமன்கடையிலிருந்து, பழைய கார் என்றால் உயிரை விடும் ஒரு சிங்கள மாத்தையா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். காரில் ஓர் ஆணிகூட மாறியிருக்கக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது.

“நான் என்ன களவெடுத்தனானே, விட்டிட்டு ஓட? போகமாட்டனக்கா,” என்றார் மாமா.

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அம்மா ஒன்றை முடிவெடுத்தால் எடுத்ததுதான். அந்தக் குணம் தம்பிக்கும் இருக்கும் என்று ஏனோ அவருக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மாமா ஓர் அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் வாங்கியதாம். நொறுங்கிப்போன ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய டேர்போ. பார்த்தால் ஒரு பெரிய இரும்பு நத்தை. எனக்குப் பத்து வயது, கேள்விக்குக் குறைச்சலில்லை. மாமா பொறுமையாக விளக்கினார். எஞ்சின் வீணாக வெளியே தள்ளுகிற புகை இதற்குள் ஒரு விசிறியைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்றும் பெற்றோலும் கூடினால் வேகமும் கூடும். தண்டு காய்ந்து இறுகாமலிருக்க மெல்லிய எண்ணெய்க் குழாய் ஒன்றும் பூட்ட வேண்டும்.

இரண்டு நாள் பின்னேரம் முழுக்க வெட்டினார், ஒட்டினார், கம்பி சுற்றிப் பூட்டினார். அம்மா வாசலில் நின்று, மாத்தையா வருவதற்குள் அந்தக் கண்றாவியைக் கழற்றிவிடச் சொல்லி ஏசினார். மாமா மறுபேச்சில்லாமல் ஓம் என்றார். மாமா சண்டை பிடிக்காமல் ஓம் சொன்னால்தான் பயப்பட வேண்டும். அது எனக்கே தெரியும், அம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போனது?

சனிக்கிழமை பின்னேரம் ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார். நான் முன்சீற்றில் ஏறிவிட்டேன். இறங்கச் சொன்னார், அதட்டினார், கெஞ்சினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. எங்கள் குடும்பத்தில் சொன்னவுடன் கேட்கிறவர்கள் யாரும் பிறக்கவில்லை.

அடேயப்பா, அது ஓட்டம்! காலி வீதியில் கிழட்டுக் கார் விசிலடித்துக்கொண்டு பாய்ந்தது. பஸ்களையே முந்தினோம். நான் சந்தோஷத்தில் கத்தினேன். மாமாவின் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணவில்லை. எஞ்சினின் சத்தத்தையே கேட்டபடி மிதித்த காலை எடுக்காமல் ஓட்டினார். கல்கிசை வரை போயும் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் எங்கள் குடும்பம்தானே. திரும்பி வரும் வழியில், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிப்பாட்டச் சொன்னேன். மாமா இன்னும் அழுத்தி மிதித்தார். வெள்ளவத்தை ஆமிச் செக் பொயின்றுக்கு ஐம்பதடி முன்னால் பெரிய வெடிச்சத்தம் கேட்டு, நீலப் புகை கிளம்பி, கார் நின்றது.

அந்த நாளில் தமிழ்ப் பொடியன் ஓட்டும் கார் செக் பொயின்றுக்கு முன்னால் வெடிக்கக் கூடாது. கொழும்பில் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயத்தை மாமா யோசிக்க மறந்துபோனார்.

மண்மூட்டைக்குப் பின்னால் விழுந்து படுத்த ஆமிக்காரர்கள் துவக்குகளோடு எழும்பி வந்தார்கள். பொனெட்டைத் திறந்தால் உள்ளே கம்பி சுற்றிய இரும்பு நத்தை. ஒருவன் இரண்டடி பின்னுக்குப் போனான். மாமாவை றோட்டில் முழங்காலில் இருத்தினார்கள். எனக்கு மாமா முழங்காலில் நிற்பதைப் பார்க்கப் பார்க்க, பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில், அது குண்டில்லை, டேர்போ என்று சத்தமாகச் சொன்னேன். புகையில் தொடங்கி எண்ணெய்க் குழாய்வரை, விரலால் காட்டிக் காட்டி அவர்களுக்கு வகுப்பெடுத்தேன். அவர்களில் பெரியவன் முழுவதையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஏன் வெடித்தது என்று கேட்டான். அதை மாமா எனக்குச் சொல்லித்தரவில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களையும் காரையும் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அம்மா காரின் பத்திரங்களோடு ஓடிவந்தார். மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். அம்மா இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பொழுதுபடும் முன் அவர்களுடைய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, குண்டில்லை என்று சொன்னார். மாமாவை விட்டார்கள். வெளியே வரும்போது அந்த மெக்கானிக் அம்மாவிடம் சிங்களத்தில் ஏதோ யோசனையோடு கதைத்தார். பூட்டினவன் கெட்டிக்காரனாம். ஆனால் இதைப் பூட்டுவதென்றால் முதலில் எஞ்சினுக்குள் அமுக்கத்தைக் குறைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பிஸ்டன் உருகிவிடுமாம். இவ்வளவு வேலை தெரிந்தவன் அதை எப்படி மறந்தான் என்று தலையைச் சொறிந்தார்.

அம்மா மாமாவிடம் திரும்பினார்.

“வேணுமெண்டுதானே செய்தனி?”

“ஓமக்கா.”

“பிள்ளையையும் ஏத்திக்கொண்டு.”

அதற்கு மட்டும்தான் மாமா தலை குனிந்தார். பொலிஸ் வாசலிலேயே அம்மா அவருக்கு ஓர் அறை விட்டார்.

மறுநாள், இழுத்துக்கொண்டு வந்த கார் கொட்டிலில் நின்றது. மாத்தையா வந்தார். மாமா தானே பொனெட்டைத் தூக்கி, கருகிய எஞ்சினை மார்பை நிமிர்த்திக்கொண்டு காட்டினார். மாத்தையா உச்சுக் கொட்டினார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, பரவாயில்லை, இதே எஞ்சின் ஒன்று தன் வீட்டில் சும்மா கிடக்கிறது, பேசின விலையையே தருகிறேன் என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்று தடவை பொலிஸிலிருந்து வந்தபோதும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அம்மாவும் தம்பியின் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு மாத்தையாவிடம், கார் விற்பனைக்கு இல்லை என்றார். அவர் விலையைக் கூட்டினார். அம்மா மறுபடியும் இல்லை என்றார். அவர் போனதும் கேற்றைச் சாத்திவிட்டு வந்தார்.

“உன்னைத் திருப்பிப் பிடிச்சா நான் திருப்பி வருவன். எத்தினை தரம் பிடிச்சாலும் வருவன்,” என்றார், யாரோடோ சண்டைக்குப் போகிற குரலில். “போய் முகத்தைக் கழுவு.”

மாமா முகம் கழுவப் போகவில்லை. காருக்குப் பின்னால் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. செத்த காருக்கு முழு விலை கிடைத்தும் வேண்டாம் என்கிற அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன். மாமாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, கார்தான் போகவில்லையே, பிறகேன் அழுகிறீர்கள் என்று தோளைப் பிடித்து உலுப்பினேன்.