இரண்டு ஓ.பி. சீட்டு

1. முதல் நாள்

நான் சித்த மருத்துவ அலுவலராகச் சேர்ந்த ஆரம்ப சுகாதார நிலையம் குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த ஓர் ஊரில் இருந்தது. எனக்கு ஒதுக்கியது ஊசி போடும் அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. அதுவரை அதில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை வெளியே தூக்கிக்கொண்டிருக்கும்போதே முதல் நோயாளி வந்துவிட்டார். நின்றபடியே நாடி பார்த்தேன்.

நிலையத்தின் தலைமை மருத்துவர் டாக்டர் பாஸ்கரன். அலோபதி. ஐம்பதை நெருங்கும் வயது. காலை ஓ.பி. முழுவதையும் தனியாளாகப் பார்ப்பவர். என் பணியேற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார்.

"உங்க ரூம் பின்னாடி. உங்க பேஷண்ட்ட நான் பாக்க மாட்டேன். என் பேஷண்ட்ட நீங்க பாக்காதீங்க. இப்படி இருந்தா சண்டை வராதும்மா."

"ஒரே ஆள் ரெண்டு பேர்கிட்டயும் வந்தா சார்?"

"வந்தா ரெண்டு ஓ.பி. சீட்டு போடுவாங்க. அவ்வளவுதான்."

அப்படியேதான் நடந்தது. அவருக்கு வெள்ளைச் சீட்டு, எனக்குப் பச்சைச் சீட்டு. பதிவேடும் தனித்தனி. இரண்டு அறைக்கும் நடுவே பதினைந்து அடி தூரம். முதல் ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது வணக்கமும் விடுப்புக் கடிதமும் மட்டும்.

2. எதற்காக இந்தப் படிப்பு

நான் பள்ளியில் படித்தபோது அம்மாவுக்கு முழங்கால் வலி. கும்பகோணத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் மாத்திரை வாங்குவார். திருவையாற்றில் ஒரு சித்த மருத்துவரிடம் சூரணமும் தைலமும். இரண்டு இடத்துக்கும் துணைக்குப் போனது நான். இரண்டு மருத்துவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" அம்மா இரண்டு இடத்திலும் கூசாமல் "இல்லைங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னா திட்டுவாங்கடி. அவங்க கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்ல நான் என்ன படிச்சவளா?"

இரண்டு மருத்துவமும் தெரிந்த ஒரே டாக்டர் இருந்தால் அம்மா யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த டாக்டர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த நிறுத்தத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். முதலில் எம்.பி.பி.எஸ்., அப்புறம் சித்தா. யார் கேட்டாலும் இதையே சொல்வேன். உறவில் சிலர் சிரித்தார்கள். "ஒண்ணு கெடைக்கறதே குதிரைக்கொம்பு, இவளுக்கு ரெண்டாம்."

அவர்கள் சொன்னது பாதி பலித்தது. எம்.பி.பி.எஸ். கட்-ஆஃப் எட்டவில்லை. சித்த மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு வாரம் அழுதுவிட்டுச் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கு நவீன மருத்துவமும் ஒரு பாடம். பரீட்சைக்கு மட்டும் அதைப் புரட்டியவர்கள் உண்டு. நான் அதை என் சொந்தப் பாடம் போலப் படித்தேன். ஒருங்கிணைந்த மருத்துவம் என்ற சொல் அங்கேதான் என் காதில் விழுந்தது. எனக்கென்றே யாரோ செய்து வைத்த சொல் மாதிரி இருந்தது.

இவ்வளவு ஆசையோடு வந்தவள்தான் அந்தப் பின்னறையில் உட்கார்ந்து, பதினைந்து அடி தூரத்தில் இருந்தவரிடம் பேசாமலே காலம் தள்ளினேன்.

3. மஞ்சள் கண்

சம்பா நடவு மும்முரமாக நடந்த நேரம். செல்லம்மா என்கிற பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு பேர் கொண்ட நடவுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. எந்த வயலுக்கு என்றைக்கு ஆள் வரும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

"காமாலைங்க டாக்டரம்மா. மூணு நாளா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிக்கிறேன். இன்னும் எறங்கல. நீங்க மாத்திரையா குடுப்பீங்களாமே?"

உடம்பு லேசாகச் சுட்டது. கண் இமையை இறக்கிப் பார்த்தேன். நல்ல மஞ்சள். வெள்ளைவிழி சிவந்தும் இருந்தது. வெயிலும் சேறும் பட்ட கண் என்று எடுத்துக்கொண்டேன்.

"உடம்பு வலி இருக்கா?"

"நடவு நடுறவளுக்கு உடம்பு வலி இல்லாம இருக்குமா?"

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என்னை உறுத்தும். உண்மையில் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. காமாலை என்றால் மக்கள் எங்களைத்தான் தேடி வருகிறார்கள், இது எங்கள் துறை என்கிற பெருமை. கீழாநெல்லி மாத்திரை எழுதினேன். பத்தியம் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். "டாக்டர் சாரைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க" என்றார். அந்த இல்லைங்கவை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. பதினொரு மணிக்கு அவர் கணவர் கலியபெருமாள் மொபெட்டில் வந்து இறங்கினார்.

"நடக்க முடியலைங்க. ஆடுசதைய யாரோ முறுக்கிப் புழியற மாதிரி இருக்குன்னு அழுவுது. கால தொடவே விட மாட்டேங்குது."

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"நேத்து மத்தியானம் போனதுதான். அதுக்கப்புறம் போவல."

குறிகளை ஒவ்வொன்றாக மனதில் அடுக்கினேன். காய்ச்சல், சிவந்த கண், மஞ்சள், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, சிறுநீர் குறைவது. எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில், காலில் கீறலோடு நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வருவது. நான் சொந்தப் பாடம் போலப் படித்த பாடத்தில் இருந்ததுதான். முந்தின நாளே இதில் பாதிக் குறி என் எதிரே உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். யாருக்கும் தெரியாமல் நானே 108-ஐக் கூப்பிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். என் வேலை ஒப்பந்த வேலை. வருடா வருடம் டாக்டர் பாஸ்கரன் கையெழுத்துப் போட்டால்தான் நீளும். சித்தாக்காரி காமாலை என்று விட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சு வந்தால் அந்த அறைக்கு மறுபடி கட்டில்கள் வந்துவிடும். இதையெல்லாம் யோசிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் முதல் ஊசியை இங்கேயே போட்டால்தான் நேரம் மிஞ்சும், அதை எழுத அவரால்தான் முடியும். எழுந்து போனேன்.

4. கலியபெருமாள் கேட்ட கேள்வி

டாக்டர் பாஸ்கரனின் அறையில் கூட்டம் நெருக்கியது. "சார், ஒரு பேஷண்ட். எலிக்காய்ச்சல்னு நினைக்கிறேன். நேத்து நான் பாத்தேன். விட்டுட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெயரைக் கேட்டார். பிறகு தன் பதிவேட்டை இழுத்து நான்கு பக்கம் பின்னால் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"நானும் பாத்திருக்கேன். காய்ச்சல், உடம்பு வலின்னு வந்திருக்காங்க. வலி ஊசி போட்டு அனுப்பியிருக்கேன்." பதிவேட்டை மூடிக்கொண்டே, "கிட்னிக்கு அந்த ஊசி வேற கெடுதல்" என்றார்.

ஆம்புலன்ஸ் அவர்கள் தெருவுக்குப் போய் செல்லம்மாவை முதலில் நிலையத்துக்குக் கொண்டுவந்தது. பாஸ்கரன் சார் ஓ.பி.யை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். ஆன்டிபயாடிக் ஊசியைத் தானே போட்டார். டிரிப் ஏற்றினார். கெண்டைக்காலில் அவர் விரல் பட்டதும் செல்லம்மா போட்ட சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது கலியபெருமாள் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"கீழாநெல்லியாலதான் இப்படி ஆச்சா? உண்மையச் சொல்லுங்க."

"அதனால வரலைங்க. இது வயல் தண்ணியிலேருந்து வர்ற காய்ச்சல். ஆனா நேத்தே நான் கண்டுபிடிச்சிருக்கணும். தப்பு என்னுது."

அவர் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாஸ்கரன் சார் குறுக்கிட்டார்.

"அவங்க நேத்து பாத்தாங்க. அதுக்கு முன்னாடி நான் பாத்தேன். ரெண்டு பேரும் விட்டுட்டோம். நீங்க எங்கள அப்புறம் திட்டுங்க, இப்ப வண்டில ஏறுங்க."

வண்டி போன பிறகு அவர் நேராகத் தன் அறைக்குப் போய் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நானும் என் அறைக்கு வந்தேன். செல்லம்மாவின் பச்சைச் சீட்டின் எண்ணைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

5. யூரின்

தஞ்சாவூரில் பரிசோதனை செய்து எலிக்காய்ச்சல் என்று உறுதி செய்தார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் தொடங்கினார்கள். பாஸ்கரன் சார் அங்கே வேலை பார்த்த, தன் கூடப் படித்த ஒருவரிடம் தினமும் போனில் விசாரிப்பார். நான் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு அவர் அறை வாசலில் நிற்பேன். "கிரியாட்டினின் எறங்கல" என்பார். சிறுநீரகம் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். மறுநாளும் அதுவே.

ஆறாம் நாள் காலை. அதுவரை என் அறைக்குள் கால் வைக்காதவர் வாசலில் வந்து நின்றார்.

"உமா, யூரின் வருது."

அப்போது என் எதிரே மூலத்துக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ என்று அவரும் எழுந்து நின்றுவிட்டார்.

பாஸ்கரன் சார் போகவில்லை. மருந்து அலமாரியைப் பார்த்தார். எது எதற்கு என்று கேட்டார். பிறகு, "நாளைலேருந்து ஒரே சீட்டு. நான் ஒரு பக்கம் எழுதறேன், நீங்க மறுபக்கம் எழுதுங்க. இன்னொரு சீட்டு வேணாம்" என்றார். பதிவேடு தனித்தனியாக இருக்க வேண்டும் என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். பதிவேடு இரண்டு இருக்கட்டும், சீட்டு ஒன்றுதான் என்று பதில் எழுதினார்.

அதன் பிறகு அவர் எனக்குத் தோல் நோய்க்காரர்களையும் தீராத மூட்டு வலிக்காரர்களையும் அனுப்பினார். நான் அவருக்குக் காய்ச்சலையும் நெஞ்சு வலியையும் அனுப்பினேன். சிலவற்றில் எங்களுக்கு ஒத்துப்போகாது. சுகர் மாத்திரையை நிறுத்துவது பற்றி ஒருமுறை நோயாளி முன்னாலேயே குரல் உயர்ந்துவிட்டது. ஆனால் அவர் எழுதியது எனக்குத் தெரிந்தது, நான் எழுதியது அவருக்குத் தெரிந்தது.

செல்லம்மா ஒன்றரை மாதம் கழித்து வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். பசி எடுக்க ஏதாவது கொடுங்கள் என்றார். ரத்தப் பரிசோதனை முழுதும் சரியாகட்டும் என்று பாஸ்கரன் சார் எழுதியிருந்தார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அன்றைக்கு நான் மருந்தே கொடுக்கவில்லை. என்ன சாப்பிடலாம், எத்தனை நாள் வயலில் இறங்கக் கூடாது என்று மட்டும் பேசினோம்.

"திட்டணும்னுதான் வந்தேன்" என்றார் போகும்போது. "உங்க மொகத்தப் பாத்ததும் மறந்துபோச்சு."

அடுத்த குறுவை நடவின்போது அவர் மறுபடி வந்தார். தன் குழுவில் காய்ச்சலோடு இருந்த ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்திருந்தார். கொண்டுவந்த பையை என் மேசையில் கவிழ்த்தார். மெடிக்கலில் வாங்கிய மாத்திரைகள், ஒரு பாட்டில் கஷாயம், மந்திரித்த கயிறு.

"காய்ச்சலுக்கு இவ எடுத்துக்கிட்டது எல்லாம் இதுல இருக்கு. ஒண்ணு விடாம வாங்கியாந்துட்டேன். பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்து கொண்டாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஆடுசதை வலி பற்றிக் கேட்டேன். பிறகு அவளை பாஸ்கரன் சாரின் அறைக்குக் கூட்டிப்போனேன். அவள் காய்ச்சல் ஊசியோடும் ஐந்து நாள் மாத்திரையோடும் தீர்ந்துபோயிற்று.

ஒருங்கிணைந்த மருத்துவம் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு இப்போது நிறைய மாணவர்கள் சேர்கிறார்கள். நல்ல ஆசை. இரண்டு துறைப் புத்தகங்களையும் நன்றாகப் படியுங்கள். ஆனால் வேலைக்கு வந்ததும் நீங்கள் முதலில் பழக வேண்டியது ஒரு கேள்வி. வேறு எங்கே காட்டினீர்கள், வீட்டில் என்னென்ன கொடுத்தார்கள் என்பது. அதை யாரும் கேட்டுவிடலாம். பதில் வரும்போது, அது உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும், முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். சுளித்துவிட்டால் அடுத்த முறை "இல்லைங்க"தான் வரும். எனக்கு அது கைவர நாலைந்து வருடம் ஆயிற்று. இன்றைக்கும் சில நாள் தவறிவிடுகிறது.