ஏழாவது கொக்கி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கப்புறம் ராயபுரத்தில் மீன் கூடை, துறைமுகத்தில் மூட்டை, கடைசியாகத் திருவொற்றியூரில் தொட்டி கழுவும் வேலை. இரசாயனத் தொழிற்சாலைகளில் இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புத் தொட்டிகள் நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை ஆலையை நிறுத்தி, ஆளை உள்ளே இறக்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். நாற்பது வயதில் எனக்குக் கீழே இருபத்தைந்து பேர் வேலை செய்தார்கள். என்னைவிடப் பெரிய கான்ட்ராக்டர்கள் இருந்தார்கள். ஆனால் ஓர் ஆளைக்கூடத் தொட்டிக்குள் சாகவிடாதவன் என்று பார்த்தால் அந்தப் பட்டியலில் என் பெயர்தான் முதலில் நிற்கும்.

அதற்குக் காரணம் என் பலகை. தொட்டிக்கு ஆறு குழாய்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. ஆள் உள்ளே இருக்கும்போது யாராவது நீராவியைத் திறந்துவிட்டால் வெந்துபோவான். அதனால் ஒரு பலகையில் ஆறு கொக்கி அடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழாயின் படத்தை நானே வரைந்தேன். வால்வை மூடிப் பூட்டுப் போட்டவன் தன் பித்தளைப் பில்லையை அந்தக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஆறு பில்லையும் தொங்கினால்தான் ஆள் இறங்குவான். ஒரு கொக்கி காலியாக இருந்தால் எழுத்துத் தெரியாதவனுக்கும் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் வேலை செய்த ஆலையில் எல்லாவற்றுக்கும் கணினி வந்தது. இறங்கும் அனுமதிச் சீட்டும் இனி கணினியிலிருந்துதான் என்றார் பாதுகாப்பு அதிகாரி. நிரல் எழுத ஒரு பெண் வந்தாள். மாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் செய்ததை முதல் முதலாகக் காட்ட எங்களை அழைத்தபோது, திரையில் வரிசையாகப் பச்சை விளக்குகள். கீழே பெரிய பச்சை. அதிகாரி கைதட்டினார்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது, எண்ணத் தெரியும். ஐந்து வரிதான் இருந்தது.

"ஏம்மா, ஆறாவது எங்க?"

"அதை நான் இன்னும் உள்ள போடலை அண்ணே. போட்டதெல்லாம் மூடியிருக்கு, அதான் பச்சை."

"போட்டது மூடிக்கீது, சரி. போடாதது மூடிக்கீதா, தொறந்துகீதா?"

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். அந்த ஆலையில் ஆபீஸ் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

அவள் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நிரலில் 'மேப்' என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் பெயர், மறு பக்கம் அதன் நிலை. நீராவி – மூடியது; தண்ணீர் – மூடியது; இப்படி. ஆனால் அவள் முதலில் எடுத்த மேப் ஒரு பையைப் போல. போட்டது மட்டும்தான் அதற்குத் தெரியும். போடாத ஒன்று இருக்கிறது என்கிற விஷயமே அதற்குத் தெரியாது. எந்தப் பெயரை வேண்டுமானாலும் திணிக்கலாம். வெளியே எடுக்கும்போது வரிசையும் அதன் இஷ்டம்.

"நான் நிரல் எழுதற ஜாவாவுல இப்ப புதுசா 'எனம்'னு ஒண்ணு வந்திருக்கு அண்ணே. என்னென்ன பேர் உண்டுன்னு முன்னாடியே எழுதி முடிச்சுடணும். அதுக்கு வெளியில ஒரு பேரும் செல்லாது. அந்தப் பேருங்களை வெச்சு மேப் பண்ணினா, உங்க கொக்கி மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம். வரிசையும் நான் எழுதின வரிசைதான்."

"காலி கொக்கி?"

"அதையும் பண்ணிடலாம். தொடங்கும்போதே எல்லாப் பேருக்கும் 'திறந்திருக்கு'ன்னு போட்டு வெச்சுடறேன். மூடினாத்தான் பச்சை."

இருபது வருடத்துக்கு முன்னால் மரப்பலகையில் நான் செய்ததை அமெரிக்காக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான் என்று அன்று டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஏணியடியிலிருந்து தொட்டியைச் சுற்றி நடக்கும் வரிசையில் ஆறு பெயரையும் சொன்னேன்: அடி வடிகால், நீராவி, தண்ணீர், வரத்து, போக்கு, காற்று. எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இந்த ஆறு மாறவே மாறாதா? மாறினா ஆபீஸ்ல உக்காந்து யாரும் சேர்க்க முடியாது. நான் வந்து நிரலைத் திறந்து எழுதணும்."

"நான் உயிரோட இருக்கறவரை ஆறுதாம்மா" என்றேன். என் ஆட்கள் அத்தனை பேரும் பின்னால் நின்று கேட்டார்கள்.

ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுன் மழைக்காலத்தில் வந்தது. அன்று இறங்க வேண்டியவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. வியாசர்பாடியில் குத்துச்சண்டை போட்டவன். என் ஆட்களில் அவனைப்போல் தொட்டி கழுவ இன்னொருவன் இல்லை. திரையில் ஆறு பச்சை. பலகையில் ஆறு பில்லை. சீட்டு அச்சாகி வந்துவிட்டது. உள்ளே காற்றைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. மச்சான் இடுப்பு வார் மாட்டிக்கொண்டு ஏணியடியில் நின்றுவிட்டான்.

"மாமு, அந்தப் புதுக் குழா இன்னா?"

"இன்னாடா புதுக் குழா?"

"நீராவிக்குப் பக்கத்துல. மஞ்சக் கலர்ல கீது பாரு. அதுக்குக் கொக்கி எங்க?"

"ஆறுதாண்டா. நீ டவுசர் போடறதுக்கு முன்னாடி நான் எண்ணி வெச்சது."

"நீ எண்ணினது கரீட்டுதான். அவனுங்க உன்னைக் கேட்டுக்கினா குழா போட்டானுங்க?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"பயமாகீதுன்னா சொல்லு. நானே எறங்கறேன்."

குத்துச்சண்டைக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. அவன் வாரைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "எறங்கு."

மாட்டிக்கொண்டேன். ஏணியில் கால் வைக்கும் முன் அந்த மஞ்சள் குழாயைப் பார்த்தேன். பெயின்ட் இன்னும் புதிதாகவே இருந்தது. வால்வு மூடியிருந்தது, ஆனால் பூட்டு இல்லை. போகிற வருகிற எவனும் ஒரு திருப்பில் திறந்துவிடலாம். இது என்ன குழாய் என்று அதிகாரியைக் கேட்டேன். தீப்பிடிக்காமல் இருக்கப் போன மாதம் போட்ட நைட்ரஜன் குழாய் என்றார். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, எரிச்சல் இல்லை. தொட்டிக்குள் நிறைந்தால் ஆள் இருமக்கூட மாட்டான். அப்படியே சாய்ந்துவிடுவான்.

வாரைக் கழற்றினேன். "ஒருத்தனும் எறங்க வேணாம்" என்றேன்.

ஆபீசில் தலை நரைத்த குமாஸ்தா ஒருவர் கணினியில் உட்கார்ந்திருந்தார். நைட்ரஜனைச் சேர்க்கச் சொன்னேன். அப்படி ஒரு பெயரே இல்லை, சேர்க்க வழியும் இல்லை என்றார். அவரே ஒரு யோசனையும் சொன்னார்.

"நைனா, பூட்டைப் போட்டுட்டு நீராவி பேர்லயே இதையும் போட்டுடலாம். பக்கத்துப் பக்கத்துலதானே கீது?"

"ஒரே கொக்கியில ரெண்டு பில்லை மாட்டச் சொல்றியா?"

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டோம். அவளும் கத்தினாள். "அப்படிப் பண்ணிடாதீங்க! ஒரு பேருக்கு ஒரு பதில்தான் நிக்கும். ரெண்டாவது போட்டா முதல் பதில் அழிஞ்சிடும். நீராவி திறந்திருந்தாலும் பச்சை காட்டும். நான் வரேன்."

சடையங்குப்பம் பக்கம் சாலையில் தண்ணீர் நின்றதால் பஸ் சுற்றிக்கொண்டு வந்ததாம். அவள் வந்து சேரப் பிற்பகல் மூன்று மணி ஆனது. முழங்கால்வரை சேறு. அதுவரை அதிகாரி என்னைத் திட்டாத திட்டு இல்லை. அரை நாள் வேலை போயிற்று, மேலே யார் பதில் சொல்வது என்றார். நான் ஏணியடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், யாரும் ஏறாமல் இருக்க. மச்சான் கொஞ்சம் தள்ளி நின்று பீடி கேட்டான். கொடுத்தேன். ஆலைக்குள் பற்றவைக்கக் கூடாது, காதில் செருகிக்கொண்டான். எங்களுக்குள் சமாதானம் அவ்வளவுதான்.

அவள் நிரலைத் திறந்து கேட்டாள். "அண்ணே, எங்க சேர்க்கட்டும்?"

"நீராவிக்கும் தண்ணிக்கும் நடுவுல."

கொஞ்ச நேரத்தில் திரையில் ஏழு வரி. ஆறு பச்சைக்கு நடுவே ஒன்று சிவப்பு. சீட்டு அச்சாகவில்லை. மச்சான் போய் மஞ்சள் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தான். பலகையில் அதற்குக் கொக்கி இல்லையே என்று பில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீராவிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடமே இல்லை; ஆறுதான் என்று அளந்து அடித்த பலகை. ஓர் ஆணியை வாங்கி, சற்றுக் கீழே தள்ளி, சாய்வாக நானே அடித்தேன். பில்லையை மாட்டினான். குமாஸ்தா அதைக் கணினியில் பதிந்ததும் சிவப்பு பச்சையானது. காற்றை மறுபடி சோதித்துவிட்டு இறங்கினான்.

அவன் வெளியே வரும்வரை அந்தப் பெண்ணும் கிளம்பவில்லை. வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "மாமு, இப்ப ஏழு. நீ உயிரோட இருக்கறவரை?"

அவளும் சிரித்துக்கொண்டே என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"குழா போடறவனைக் கேளு" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் முதல் நாளே தொட்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டு எண்ணினேன். ஏழாவது குழாயைக் கண்டுபிடித்தது நான்தான் என்று இத்தனை வருடமாக ஊரில் சொல்லி வந்திருக்கிறேன். மச்சான் ஒரு நாளும் மறுத்ததில்லை. பார்த்தவன் அவன்தான். ஆணி அடித்தது நான்.