அப்பாவு பேர் இல்லாத நினைவு கேசட்

இருளாயி அக்காவை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை; தேள் என்றால் கொட்டத்தான் செய்யும். இன்னொருவன் மேல் உள்ள கோபம் இந்த ஜென்மத்தில் ஆறாது.

மலேசியாவில், ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. அதற்கு முன் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் பால் மரம் வெட்டியவள். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் தேடுவார்கள். மற்ற நேரத்தில் அதிகம் பேச மாட்டாள். அந்தக் காலத்து மனுஷி, புருஷன் பேரை வாயால் சொல்லவே மாட்டாள். அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் ஆபீசர் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவளை இடித்து, "நீ சொல்லுடி" என்றாளாம். ஒப்பாரியில் மட்டும் சொல்லுவாள். அது எங்கள் முறை. யார் செத்தாலும் அவரைப் பாடி அழுதுகொண்டே, நடுவில் தன் வீட்டில் செத்தவர்களையும் கூப்பிடுவார்கள். போகிறவரிடம் சேதி சொல்லி அனுப்புவது மாதிரி.

அக்காவின் புருஷன் அப்பாவு, எழுபத்தொன்றாம் வருஷத்து வேலைநிறுத்தத்தின்போது செத்தார். காய்ச்சல் முற்றி நினைவு தப்பிக் கிடந்தவரைத் தோட்டத்து லோரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி உடையப்பன் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். "வேலைக்கு வராதவனுக்கு லோரி கிடையாது" என்று சொல்லிவிட்டார் கிராணி. மறுநாள் அப்பாவு போய்ச் சேர்ந்தார். அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் சதாசிவம்தான் பாடைக்கு முதல் தோள் கொடுத்தார்.

ஏழு வருஷம் கழித்து சதாசிவமும் இறந்தார். அவர் வீட்டு வாசலில் அக்கா பாடியதைக் கேட்டு, கூட்டத்துக்குக் காவல் வந்த போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றினார் என்பார்கள். அதில் இந்த அடிகள் வரும்:

மேலோகம் போறவரே, மேட்டுவழி நடப்பவரே,
அப்பாவு நிப்பாரு, அவருகிட்டச் சொல்லிடுங்க,
துண்டு தராத கிராணி தூணாட்டம் நிக்கிறாரு,
தோளு தந்த நீங்க மட்டும் தொவண்டு விழுந்தீங்கன்னு.

எண்பத்தொன்றில் தலைவர் நினைவாக ஒரு பாட்டு கேசட் போட ஈப்போவில் குழு அமைத்தார்கள். பத்துப் பேர் ஆளுக்கொரு பாட்டு; விற்று வருவது தோட்டப் பிள்ளைகள் விடுதிக்கு. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழுவுக்குத் தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பென்ஷன் வாங்கிய உடையப்பன்! சதாசிவம் உயிரோடு இருந்தவரை இவருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. செத்த பிறகு ஐயாவுக்கு பக்தி பொங்கி வழிந்தது.

அக்காவைக் கூப்பிட வந்தவன் ஜெயபாலன். ஈப்போவில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தான். தாயில்லாப் பிள்ளை, அதே தோட்டத்து லயத்து வீடுகளில், அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன்.

"பொணம் இல்லாம ஒப்பாரி பாடுனா வீட்டுக்கு ஆவாதுடா தம்பி" என்றாள் அக்கா.

"வீட்டுல வேணாக்கா. தலைவரப் பொதைச்ச எடத்துலயே வச்சுப் பாடுங்க, நான் மெசின கொண்டாறேன்லா."

பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமும் எங்களில் கிடையாது. அக்கா மூன்று நாள் யோசித்தாள். தலைவரைப் புதைத்தது ஈப்போவில்; அப்பாவுவைப் புதைத்த தோட்டத்து இடுகாட்டை அப்போதுதான் பாமாயில் எடுக்கிற செம்பனை நட உழுதிருந்தார்கள். அப்பாவு கிடக்கிற இடம் இதுதான் என்று காட்ட ஒரு கல்கூட மிஞ்சவில்லை. கேசட்டிலாவது அந்தப் பேர் இருக்கட்டும் என்று சம்மதித்தாள். "அவரு பேரு வர்ற அடிய வெட்டக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை. ஜெயபாலன் தலைவர் சமாதி மண்ணைத் தொட்டு, "ஒரு சொல்லு போவாதுக்கா" என்று சத்தியம் செய்தான். அக்கா அங்கேயே உட்கார்ந்து பாடினாள்.

வெளியீட்டு விழாவில் கேசட்டைப் போட்டார்கள். அக்கா பாட்டு கடைசி. "மேட்டுவழி நடப்பவரே" என்றதும் ஒரு வயலின் குறுக்கே வந்து இழுத்தது. அத்தோடு பாட்டு முடிந்தது. மண்டபமே கை தட்டியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க, எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எடம் பத்தலக்கா" என்றான் ஜெயபாலன். "ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரந்தான். மெசின்காரன் கடைசியில வெட்டிட்டான், நான் பாக்கல."

அக்கா நம்பினாள். இது கிராணி வேலை, அதற்கு ஜெயபாலனும் உடந்தை என்று நான் சொன்னதற்கு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "கேசட்டுக்கு அளவு இருக்காதா? எம்புள்ளயச் சொல்ற வேலை வச்சுக்காத" என்று தெருவே கேட்கக் கத்தினாள். சொந்த அக்கா மகளிடமும் அவனுக்காகச் சண்டை போட்டாள்.

நாலு வருஷம் இப்படியே போயிற்று. அவள் வீட்டில் ரேடியோ கேசட் கிடையாது. வெள்ளிக்கிழமை வந்து என் வீட்டில் போடச் சொல்லுவாள். பாட்டு முடிந்ததும் நான் நிறுத்திவிடுவேன், பேட்டரி வீணாகுமே. ஒருநாள் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் பாட்டு முடிந்து கேசட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு."

உஸ்ஸென்று ஓடியது, ஓடியது, அப்படி ஓடியது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் போன பிறகுதான் பட்டன் தட்டென்று எழும்பியது.

"இவ்ளோ நேரம் ஓடிச்சே, இதுலயும் பாட்டுப் பதியலாமா?"

"பதியலாம்க்கா."

மறுநாள் காலை பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போனோம். ஜெயபாலன் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அக்கா என் கேசட்டை நீட்டி, கடைசிப் பாட்டைப் போடச் சொன்னாள். போட்டான். பாட்டு முடிந்து அவன் கை பட்டனுக்குப் போனது.

"ஓடட்டும்" என்றாள்.

ஒரு நிமிஷத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு நிமிஷமும் நின்றான்.

"கிராணிதான் சொன்னாருக்கா. கோயில் கமிட்டியிலயும் அவருதான். அந்த அடி இருந்தா கோயில் திருவிழாவுக்கு நம்ம கடயக் கூப்புட மாட்டேன்னாரு."

"அவரு சொல்லுவாரு. அவரு யாருன்னு எனக்குத் தெரியாதா? நீ எங்கிட்டச் சொல்லியிருக்கணும்ல? சொல்லியிருந்தா நான் இடுகாட்டுக்கே வந்திருக்க மாட்டேன். அவரு பேரு எங்கிட்டயே இருந்திருக்கும். நாலு வருசமாடா உனக்காக ஊரு வாய அடைச்சேன்?"

"இப்பப் புதுசாப் பதிஞ்சிரலாம்க்கா, முழுசா" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான். எனக்கு அவனை அறையத் தோன்றியது.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு அழுக வராதுடா. இனிமே யாரு செத்தாலும் வராது."

படியிறங்கி நடந்தாள். கேசட் அவன் மெஷினுக்குள்ளேயே கிடந்தது. அது நான் வாங்கிய கேசட். நானும் திருப்பிக் கேட்கவில்லை.