பிலோமினா அக்காவின் சந்தேகங்கள்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, காலையில் நான் மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது கைப்பேசியில் வந்தது. அனுப்பியவர் அவருடைய மகள் ஷரோன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. நான் நம்பவில்லை. யாரோ ஷரோனின் கைப்பேசியைக் களவெடுத்து விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். அழைத்துக் கேட்டேன். "உண்மையோ பிள்ளை?" என்றேன். "ஓம் அன்ரி" என்றாள். அவள் என்னோடு தமிழில் கதைத்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகே நம்பினேன். அதிகாலை ஷிஃப்டுக்குப் போனவர், பஸ் டிப்போவின் சாப்பாட்டு அறையில் சரிந்து விழுந்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய குணத்தைச் சொல்லத் தேவையில்லை. மன்னாரிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து, மாசி என்ற புறநகரில் குடியிருந்து, இருபது வருடத்துக்கு மேல் இந்த ஒக்லாந்து நகரத்தில் பஸ் ஓட்டியவர். எவரையும் எதையும் எளிதில் நம்பமாட்டார். "இண்டிகேட்டர் போட்டவன் திரும்புவான் எண்டு நம்பினால் நீர் முடிஞ்சீர்" என்பார். வானிலை அறிக்கையில் மழையில்லை என்று போட்டிருந்தால் அன்றைக்குக் கட்டாயம் மழைக் கோட்டுடன்தான் வருவார். ஒக்லாந்தின் வசந்தகாலத்தில் பெரும்பாலும் அவர்தான் சரியாக இருந்தார்.

ஒரு கலைவிழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோதுதான் அவர் எனக்குப் பழக்கமானார். கோடையில் தென் தீவு மலைகளில் மூன்று நாள் நடக்கப் போவதாகவும், அதற்காக செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பெண்கள் சிலர் மேடு ஏறிப் பழகுவதாகவும் சொன்னார். நானும் வரலாமா என்று கேட்டேன். "நான் ஒவ்வொரு நாளும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறனான் அக்கா" என்றேன்.

"ஆர் பார்த்தது?"

பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மவுண்ட் ஆல்பர்ட் குன்றில் முதல் வளைவு தாண்டுமுன் எனக்கு மூச்சு வாங்கியது. "அஞ்சு கிலோமீட்டர் எண்டு சொன்னீர், எல்லாம் சமதரையோ?" என்று மட்டும் கேட்டார். உண்மையில் அது ஐந்து கிலோமீட்டரும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், கடைக்குப் போய்வரும் தூரம்.

பின்னர் வைட்டாக்கரே காட்டுப் பாதைகளுக்குப் போகத் தொடங்கினோம். கவுரி என்னும் இந்நாட்டுப் பெருமரங்களுக்கு நோய் தொற்றாமலிருக்க, பாதை தொடங்கும் இடத்தில் சப்பாத்தைத் தேய்த்து மருந்து தெளிக்க வேண்டும். நாங்கள் தேய்த்த பிறகும் அவர் குனிந்து நின்று "அடியைக் காட்டும் பாப்பம்" என்பார். ஐம்பதை நெருங்கிய பெண்கள் பிள்ளைகள்போல ஒற்றைக் காலில் நின்று காட்டுவோம்.

ஒக்டோபரில் பாரத்தோடு நடக்கச் சொன்னார். ஆளுக்குப் பத்துக் கிலோ அரிசிப் பை. முதல் வாரம் எனக்குத் தோள் கன்றிவிட்டது. இரண்டாம் வாரம் அரிசியை வீட்டில் வைத்துவிட்டுத் தலகணி ஒன்றை அடைத்துக்கொண்டு போனேன். பை பார்வைக்கு நன்றாகத்தான் உப்பியிருந்தது. பாதி வழியில் அவர் பின்னாலிருந்து என் பையை ஒரு விரலால் தூக்கினார். எல்லாருக்கும் முன்னால் பையின் சிப்பைத் திறந்தார். பூப்போட்ட உறை வெளியே தெரிந்தது.

"இதோட மலையில நித்திரை கொள்ளலாம். ஏறேலாது" என்றார்.

கூட வந்த மீனாட்சி சிரித்துவிட்டார். என் முகம் எரிந்தது. அன்றிலிருந்து நானும் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். ஏன் எப்போதும் கடைசியாகவே நடக்கிறார்? இறக்கத்தில் ஏன் என் கால்களையே பார்க்கிறார்? ஒருநாள் என் மகள், "பிலோமினா அன்ரி நீ வீட்டில விழுறனியோ எண்டு கேட்டவ" என்று சொன்னாள். எனக்குத் தெரியாமல் என் பிள்ளையிடம் என்னைப் பற்றி விசாரிப்பதா? என்னைப் பயணத்திலிருந்து கழற்றிவிடக் காரணம் தேடுகிறார் என்று முடிவு கட்டினேன். மீனாட்சியிடமும் இன்னும் நாலைந்து பேரிடமும் அதைச் சொல்லவும் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை, ஈரமான மரப்படிகள் இறங்கும் இடத்தில் நின்று நேரடியாகவே கேட்டேன். "என்னை ஏன் அக்கா வேவு பார்க்கிறீங்கள்?"

அவர் மறுக்கவில்லை. "ஓம், பார்க்கிறன்தான். பஸ்ஸால இறங்கிற சனத்தை நான் எத்தினை வருஷமாக் கண்ணாடியில பார்க்கிறன். கண் தெரிஞ்ச ஆக்கள் படியைப் பார்த்து இறங்குவினம். நீர் காலால தடவி இறங்கிறீர்."

"எனக்குக் கண் வடிவாத் தெரியும்."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகினம். போய்க் காட்டும்."

அவர் சொல்வது பிழை என்று நிரூபிக்கத்தான் கண் மருத்துவரிடம் போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். ஒன்றும் தவறவிடவில்லை என்ற நினைப்போடு எழுந்தேன். மருத்துவர் சோதனை முடிவுத் தாளைத் திருப்பிக் காட்டினார். கீழ்ப்பக்கம் பெரிதாகக் கறுத்திருந்தது. அங்கே வந்த புள்ளிகளை நான் காணவேயில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிக்கொண்டிருந்தது. போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இன்னும் பிந்தி வந்திருந்தால் கதை வேறு என்றார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "சரி, மருந்து போடுறீரோ? போத்திலைக் காட்டும்" என்றார். அதையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. ஜனவரியில் மருத்துவரின் சம்மதத்தைக் கடிதமாகக் கேட்டு வாங்கி வாசித்த பிறகே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று நாளும் அவர் எனக்கு முன்னால் நடந்து, "கல்லு", "வேர்", "பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசி நாள் ஓர் ஆறு கொஞ்சம் பெருகியிருந்தது. அவர் நம்பவில்லை, திரும்பிவிட்டோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முழங்கால் நனையக் கடந்து போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் சரியென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

செத்த வீட்டில் மீனாட்சி என் பக்கத்தில் வந்து இருந்தார். "பாவம். ஆனா எல்லாரையும் வேவு பாக்குறவங்க, உங்களைக் கழட்டிவிடப் பாத்தவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கண் வருத்தத்தை நான் வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. மலையில் என் முன்னால் கல்லையும் வேரையும் எண்ணிக்கொண்டு போனபோதும், ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் காரணம் சொன்னதில்லை. அதனால் நான் பரப்பிய கதை மட்டும் ஊரில் மிஞ்சிவிட்டது. அது அவருக்கும் எட்டியிருக்கும். எட்டாமல் இருந்திருக்காது; எல்லாவற்றையும் விசாரித்து அறிகிறவர் அவர்.

அந்தக் கதையைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். என்னிடமிருந்து அதைக் கேட்ட ஒவ்வொருவரும் இதை வாசிக்க வேண்டும். அவர் என்னைக் கழற்றிவிடப் பார்க்கவில்லை. நான் விழப்போகிறேன் என்பதை, நானே அறியாதபோது அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் கண்ணில் மீதமுள்ள பார்வை. அதைக் கொண்டுதான் இந்த வரிகளைப் பார்த்து எழுதுகிறேன்.