மார்சிலிங் கடைசியில்

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போட்டிருந்த நிழற்கொட்டகையில் உட்கார்ந்து ஆனி முதுகுப்பையைக் கவிழ்த்தாள். அரைப் பாக்கெட் ரொட்டி, ஒரு டின் மத்தி மீன், கறுத்துப்போன இரண்டு வாழைப்பழம். தீவைப் பத்து நாளில் கால்நடையாகச் சுற்றிவருவதென்று கிளம்பி அன்று மூன்றாம் நாள்.

"சிங்கப்பூர்ல நடந்துபோய்ப் பட்டினி கெடக்குற மொதோ ஆளுங்க நாமதான்டி" என்றாள் கமலா. அவள் ஆனியின் பள்ளித் தோழி. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். "ஜூரோங்லயே வாங்கியிருக்கலாம். நீதான் நிக்க விடல."

எங்கேயும் நிற்க ஆனிக்குத் தெரியாது. பதின்மூன்று வருடம் அவளுடைய உலகம் இருபது நிமிடம்தான். செங்காங் வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருந்த தாயைப் பக்கத்து வீட்டுக்காரி அவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொள்வாள். கடை, மருந்து, மாதாகோயில் எல்லாம் அதற்குள். நாற்பத்து நான்கு வயதில் கிளார்க் வேலையை விட்டாள். அண்ணன் மரியஅந்தோணிக்குக் குடும்பம் இருந்தது, அவளுக்கு இல்லை. வேறு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. கோயிலில் அவளைப் புனிதை என்றார்கள். மலிவான பட்டம் அது. புனிதை என்று சொல்லிவிட்டால் ஒரு மத்தியானம் வந்து அவளை மாற்றிவிட வேண்டியதில்லை, அவள் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டியதில்லை. தாய் ஜனவரியில் போனாள். ஜூனில் வீட்டையும் விற்றாகிவிட்டது.

கைபேசி அடித்தது. அண்ணன்.

"கிராஞ்சியா? அப்ப நம்ம வீடு கிட்டதான லா. கடைக்கெல்லாம் அலையாத, மார்சிலிங் வந்துரு. சோறு இருக்கு. கட்டில்கூட வந்துருச்சு."

"எனக்கா?"

"அத்தைக்கு. ஒனக்கு பாம் ஷெல்ட்டர்ல மெத்தை போட்டாச்சு. ஃபேன்கூட மாட்டியிருக்கேன்." அடுக்குமாடி வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும், ஜன்னல் இல்லாத சிறு அறை அது.

அத்தை என்றது அவன் மாமியாரை. போன மாதம் அந்த அம்மாளுக்கும் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நடை முடிந்ததும் வருவதாக ஆனி சொல்லியிருந்தாள். சொன்னாள் என்பதைவிட, எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுக்கவில்லை. இருக்க வேறு இடமும் இல்லை.

கமலா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் தீவை வரைந்தாள்.

"மார்சிலிங் முக்கால் மணி நேரம். போனா ரெண்டு பேராப் போவோம், நான் மட்டும் வெளிய வருவேன்." குச்சி தெற்கே இறங்கியது. "இன்னொண்ணு பழைய ரயில் பாதை. அப்புறம் புக்கிட் தீமா ரோடு, நேரா தேக்கா. இருபது கிலோமீட்டர். தேக்காவுல சாமான் வாங்கிட்டு ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பொங்கோல்னு அந்தப் பக்கமா மேல வரலாம்."

"அப்ப மார்சிலிங் எப்ப வரும்?"

"கடைசியில. பத்தாவது நாள்."

ஆனி குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள். கொப்புளம் உடைந்திருந்தது. காலுறையை அதன்மேலேயே இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

வழியெல்லாம் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னொருவாட்டி பாத்த, அந்த வாட்ச்ச புடுங்கி வீசிருவேன்" என்று கமலா சொன்ன பிறகு, பார்க்காமலே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றாள். உடம்பு தானாகவே வீட்டுக்குத் திரும்பப் பார்த்தது.

தேக்காவை அடைந்தபோது மணி ஐந்து. பெரிய கடை ஒன்றில் ஆளுக்கொரு கூடை எடுத்தார்கள். கூட்டத்தில் ஆனி மட்டும் தடுமாறாமல் மளமளவென்று எடுத்துக்கொண்டே போனாள். கமலா வந்து கூடையை எட்டிப் பார்த்தாள். கேழ்வரகு மாவு, ஓட்ஸ், பழுத்த வாழைப்பழம், குழந்தைகளுக்கான பழக்கூழ்.

"யாருக்குடி பல்லு இல்ல?"

ஆனி சிரித்தாள். பிறகு அவளும் கூடையைப் பார்த்தாள். தாய்க்கு மசித்ததில் மிஞ்சியதைத்தான் இத்தனை வருடமும் தின்றிருக்கிறாள். தனக்கென்று தனியாகச் சமைக்க நேரம் இருந்ததில்லை.

"ஒனக்கு என்ன புடிக்கும்? அத எடு" என்றாள் கமலா.

ஆனி அலமாரிகளுக்கு நடுவில் நின்றாள். முறுக்கு, மிக்சர், காரக்கடலை, பிஸ்கட். ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். நெடுநேரம் யோசித்தாள். அவளுக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"தெரியலடி" என்றாள்.

கமலா மாவையும் கூழையும் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, காரக்கடலைப் பாக்கெட் ஒன்றை அங்கேயே பிரித்து நீட்டினாள். ஆனி நான்கைந்தை வாயில் போட்டுக் கடித்தாள். தாடை வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்தாள்.

பணம் கட்டும் இடத்தில்தான் கூடையின் அடியிலிருந்து ஒரு டின் வெளியே வந்தது. விழுங்க முடியாதவர்கள் வெறும் தண்ணீர் குடித்தால் புரையேறும். கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கும் மாவு அது.

"இதையும் திருப்பி வச்சிரலாமா?" என்றாள் கமலா.

"வேணாம்" என்றாள் ஆனி. "மார்சிலிங்ல யாருக்கும் இது தெரியாது. வாங்கியிருக்க மாட்டாங்க. நான் போற வரைக்கும் அந்தம்மா வெறுந்தண்ணி குடிச்சிட்டிருக்கும்."

அண்ணனைக் கூப்பிட்டாள். டின்னின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, இன்றைக்கே வாங்கச் சொன்னாள். "நீதான் வரப்போறியே, வரும்போது கொண்டா லா" என்றான் அவன்.

கமலா டின்னை எடுத்துத் தன் பையில் வைத்தாள்.

"கனமா இருக்கும். நான் தூக்கிட்டு வரேன்."

இருவரும் கிழக்கே நடந்தார்கள். மார்சிலிங்குக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.