கெண்டைக்கால் பிடித்த இடம்: எண்ணூர் உப்பங்கழியில் ஒரு நீச்சல்

எண்ணூர் உப்பங்கழியை நீந்திக் கடக்க நான் இரண்டாம் முறையாகப் புறப்பட்டது சென்ற மாசி மாதத்தில். ஆசை மட்டும் காரணமில்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் மாணவிகளுக்கு நீச்சல் கற்றுத்தர அனுமதி கேட்டிருந்தேன். "முதலில் நீங்கள் கால் தரையில் படாமல் அக்கரை சேர்ந்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார் பிரின்சிபால் அம்மாள். கார்த்திகையில் போனபோது பாதி வழியில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, படகில் தூக்கிப் போடப்பட்டுத் திரும்பினேன். அன்று ஏகாதசி விரதம். போதாததற்கு ரயிலில் நின்றுகொண்டே போயிருந்தேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. இந்த முறையும் தோற்றால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க முடியாது.

ராயபுரத்தில் காலை ஆறு பத்துக்கு ரயில். எட்டு மைல், நாற்பது நிமிஷம், மூன்றாம் வகுப்பில் இரண்டணா. எதிர்ப் பலகை காலியாக இருந்ததால் கால்களை நீட்டிக்கொண்டேன். திருவொற்றியூர் தாண்டியதும் பனைகளுக்கு நடுவே கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஆலைப் புகை கடலின் மேல் படுத்துக் கிடந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து கரை ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு, எல்லாம் மணல். போன முறை நடந்தேன். இம்முறை காலைக் காப்பாற்ற ஜட்கா வண்டி வைத்துக்கொண்டேன். நாலணா.

படகு ஏழுமலையுடையது. அவர் மனைவி அஞ்சலை, என் வயதுக்காரி, உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் வெறும் வயிறா?" என்றாள்.

"போன தபா ஒன்ன தூக்குனதுல எனக்கு இடுப்பு புட்சிகிச்சு" என்றார் ஏழுமலை. "கொஞ்சம் எளச்சிட்டு வந்துகீறியாம்மா?"

"நீ சும்மா கெட" என்று அவரை அடக்கிவிட்டு, அஞ்சலை பழைய சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு செம்பு கொடுத்தாள். பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் சேற்றில் அழுந்த நிற்கச் சொன்னாள். காலுக்கு இருபது எண்ணிக்கை, மாற்றி மாற்றி மூன்று முறை. "வெரல ஊசியாட்டம் நீட்டிகினு ஒதைக்காத. கால தொளதொளன்னு வுடு."

எட்டு மணிக்கு இறங்கினேன். ஏழுமலையும் அஞ்சலையும் படகில் கூடவே வந்தார்கள். அகலம் சுமார் நானூறு கஜம். மேல்தண்ணீர் வெதுவெதுப்பு, அடியில் குளிர்ச்சி. காது தண்ணீருக்குள் போனதும் எங்கோ நெல் பொரிவதுபோல் ஓயாத படபடப்பு கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே போனதில் என் பெயரும் வேலையும்கூடக் கரையில் விட்டு வந்தவைபோல் இருந்தன. பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்று தோன்றிய உடனே அவசரம் வந்துவிட்டது. வேகமாக உதைத்தேன். கெண்டைச்சதை கல்லாகத் திரண்டு ஏறியது.

மல்லாந்து திரும்பி, முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்தேன். வலி இளகியது. இரண்டு வீச்சு நீந்தியதும் மறுபடி பிடித்தது. ஏழுமலையின் துடுப்பு முகத்தருகே வந்தது. நான் தொடவில்லை.

"அத்த வுடு. நில்லுமா, கீழ மேடு கீது" என்றாள் அஞ்சலை.

"நிக்கக் கூடாது, அஞ்சலை."

"யாரு சொன்னது?"

"எங்க காலேஜ் அம்மா."

"அவங்களுக்கா கெண்ட பொரண்டுகீது?"

நின்றேன். தண்ணீர் மார்பளவுதான். குதிகால் மணலில் பதிய, உடம்பின் பாரம் மெதுவாகக் காலில் இறங்க, கல் மறுபடி சதையாயிற்று. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். சற்றுத் தள்ளி, ஆழம் குறைந்த இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் குந்தி, கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் அடிமண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"தெனம் நாலு மணி நேரம் குந்திகினு தடவறோம். எங்களுக்குப் பொரளாதா? நிப்போம், வுட்டுடும். அப்பால தடவுவோம்" என்றாள்.

மிச்சம் நூற்றைம்பது கஜத்தை அவசரமில்லாமல் நீந்தினேன். திரும்பியது படகில்.

மறுநாள் பிரின்சிபால் அம்மாளிடம், நடுவில் நின்றேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று முந்தின நாள் ரயிலில் திரும்பும்போது நினைக்காமல் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"எவ்வளவு ஆழம்?"

"மார்பளவு."

"அந்த மேட்டில் எங்கேயும் நிற்கலாமா?"

"நிற்கலாம்."

"அப்படியானால் முதல் வகுப்பை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் போதும். அந்த அஞ்சலையும் கூட இருக்க வேண்டும்."

போக நினைக்கும் சகோதரிகளுக்கு: விரத நாளில் வேண்டாம். உப்பிட்ட நீராகாரம் குடித்துவிட்டு, முக்கால் மணி பொறுத்து இறங்குங்கள். பிடித்துக்கொண்டால் அதோடு போராடி உதைக்காதீர்கள். மல்லாந்து விரலை இழுங்கள். கரை ஏறியபின் முழங்காலை நோக்கி மெல்ல நீவுங்கள். மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மேடு எங்கே என்று தெரியாமல் இறங்கவே வேண்டாம். மழைக்கு மழை அது இடம் மாறுகிறதாம், வரைபடம் பார்த்துப் பயனில்லை. இறால் தடவும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.